தேத்தண்ணிக்கு மட்டும்

ஒரு சொல்லுக்கு ஐம்பதாயிரம் வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு ஏறாது என்று சொல்லிவிட்டு ஜாஹிர் பினாங்குப் பாலத்தின் நடுவே தடம் மாறினான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“முப்பதுலேருந்து ஆரம்பிப்பேன். நீ குறுக்க பேசாதே. மூஞ்சிய மட்டும் பாவமா வெச்சுக்க, அது உனக்குத் தானா வரும்.”

“இது என்ன ஏலக்கா மூட்டையா அண்ணே?” என்றாள் ஷாஹிரா.

“வெல இல்லாத சரக்குன்னு ஒண்ணும் இல்ல லா. வெல இல்லேன்னு ஒருத்தன் சொன்னா, ஏத்திக் கேக்கப் போறான்னு அர்த்தம்.”

அண்ணன் லெபோ பாசாரில் காசு மாற்றும் கடை வைத்திருப்பவன். எந்த நாட்டுத் தாளையும் இன்னொரு நாட்டுத் தாளாக்கிவிடலாம் என்று முப்பது வருஷமாகக் கண்ணால் பார்த்து வருகிறவனிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? ஷாஹிரா கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடல் சேறாகக் கிடந்தது.

அத்தாவை நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவைத்தார்கள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குப் பிடிச்சதக் கொடுங்க” என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் நாசி கண்டார் சோறு போட்ட அவர்களுடைய தகப்பனார் கமாலுக்குப் பிடித்த சாப்பாடு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஜாஹிரின் மனைவி நோர்மா கஞ்சியைக் கரண்டியில் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றுதான். சுங்கை பாக்காப்பில் இருக்கும் குணவதி தனக்கு ஹலால் சொல்ல வேண்டும்.

பினாங்கில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. கடைப் பலகையில் தொங்குவது ஒன்று. மற்றது, ஹஜ்ஜுக்குப் போகிறவரும் ஆபரேஷனுக்குப் படுக்கிறவரும் வேலையை விட்டு நிற்கிறவரும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது. “உங்க வீட்டுல சாப்பிட்டது, குடிச்சது, தெரிஞ்சு எடுத்தது, தெரியாம எடுத்தது, எல்லாத்தையும் ஹலால் பண்ணிடுங்க.” கேட்கப்பட்டவர் “ஹலால்” என்பார். அதோடு கணக்குத் தீர்ந்தது. சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே சரக்கு என்பதால் யாரும் இல்லை என்பதில்லை.

அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாகவும் ஒரு வேலை உண்டு என்பது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஃபிக்ரியின் கைப்பேசியிலிருந்து தெரிந்தது. ஃபிக்ரி இவர்களுடைய தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். தாடி வளர்த்தான், சிகரெட்டை விட்டான், ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போனான். அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் பழைய மைலோ டின்னின் மூடியில் துளை போட்டு, ‘சிரியா அனாதைப் பிள்ளைகளுக்கு’ என்று மூன்று மொழியில் எழுதி, பிள்ளைகள் படத்தையும் ஒட்டி, கடை மேசையில் கொண்டுவந்து வைத்தான். வெள்ளிக்கிழமை தோறும் அத்தா பிஸ்மில்லா சொல்லி டின்னைத் திறந்து, தன் பங்குக்கும் நோட்டு வைத்து, அவன் கையில் கொடுப்பார். அந்தக் காசில் பெட்ரோலும் வேறு என்னென்னவோ வெடிமருந்துகளும் வாங்கப்பட்டன. ஓர் இரவு சந்துக்குள் இருந்த மது விடுதி ஒன்றின் பின்கதவு வழியாக அவை உள்ளே போயின. பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த குணவதியின் மகன் லோகேஸ்வரன் அங்கேயே முடிந்தான். இருபத்தாறு வயது. பகலில் தொழிற்சாலை, இரவில் தட்டு. வேலைக்குப் போகுமுன் தினமும் ஆறு மணிக்கு அத்தா கடையில்தான் சாப்பிடுவான். பல நாள் அவனுக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றியவனே ஃபிக்ரிதான். உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியாது என்று கோர்ட்டில் சொன்னான். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. தூக்கு என்றார்கள். பிறகு சட்டம் மாறியது, நாற்பது வருஷம் என்றார்கள்.

டின் மேசையிலிருந்து போய்விட்டது. அது இருந்த இடத்தில் துருவின் வட்டம் மட்டும் இருக்கிறது. எத்தனை தேய்த்தும் போகவில்லை.

“அத்தா எதுக்கு ஹலால் கேக்கணும்?” என்றான் ஜாஹிர், சுங்கச் சாவடி தாண்டியதும். “செஞ்சது அவன். அத்தா என்ன பண்ணாங்க? தருமம் பண்ணாங்க.”

“அதுக்குத்தான் கேக்குறாங்க.”

சுங்கை பாக்காப் வரை ஜாஹிர் முன்னால் போன வண்டிகளை ஒவ்வொன்றாக முந்திக்கொண்டே வந்தான்.

அத்தா குணவதியிடம் கடன்பட்டிருந்தது அது ஒன்றுக்கு மட்டுமல்ல. லோகேஸ்வரனைத் தகனம் செய்த மறுநாள் அவனுடைய கூட்டாளி தங்கராஜுவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சாமிக்கு முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, பாராங் கத்தியோடு ஜார்ஜ் டவுனுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கடையையும் கடைக்கு மேலே இருக்கிற வீட்டையும் வீட்டில் இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான் சத்தியம். தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருந்தது. எல்லாரும் காவடிக்கு மாலை போட்டிருந்தார்கள். குணவதி கேட்டில் வந்து நின்று கையை நீட்டினாளாம். “முருகனுக்குப் போட்ட மாலையோட ரத்தத்துல கை வைக்கக் கூடாது. கழட்டி என் கையில குடுத்துட்டுப் போங்க.” ஒருவனும் கழற்றவில்லை. தைப்பூசம் முடிந்தபோது சூடும் இறங்கிவிட்டது. இதைப் போலீஸ்காரர் ஒருவர் சொல்லித்தான் அத்தாவுக்குத் தெரியும். மூன்று முறை சுங்கை பாக்காப்புக்கு வந்தார். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை.

இன்று திறந்தது.

ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வாசல் தளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல், துடைத்த பளபளப்பு, இந்த வருஷத்துச் சாலை வரி. ஜாஹிர் அதை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு அதன் இன்றைய விலை தெரிந்திருக்கும். குணவதி வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் வேலை. நாளைக்கு அங்கே நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

“பசியாறிட்டீங்களா?” என்றாள். கை நிற்கவில்லை.

“ஆச்சு அக்கா” என்றான் ஜாஹிர். பசியாறியிருக்கவில்லை.

“உக்காருங்க. சாகக் கெடக்குறவங்க வீட்டு ஆளுங்கள வெளிய நிறுத்தக் கூடாதுன்னுதான் தொறந்தேன். வேற ஒண்ணும் இல்ல.”

ஷாஹிரா பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அத்தாவின் நிலைமையைச் சொன்னாள். அவர் கேட்பதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜாஹிருக்கு முப்பது மறந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து கவரை எடுத்து நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

உள்ளிருந்து குணவதியின் மகள் ஷர்மினி வந்து நின்றாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, ராத்திரி வேலை முடித்து வந்த கண்.

“எவ்ளோ?”

“அம்பது” என்றான் ஜாஹிர்.

“அம்பது வெள்ளியா?”

“அம்பதாயிரம்மா.”

“எங்கண்ணன் எழுபத்தஞ்சு கிலோ. நீங்க கணக்குத் தெரிஞ்சவங்க. கிலோ என்ன வெல வருதுன்னு சொல்லுங்களேன்.”

“ஷர்மினி, போயி தண்ணி கலக்கு.”

“ம்மா, இவங்களுக்கா?”

“வந்தவங்களுக்கு.”

ஷர்மினி உள்ளே போனாள். கரண்டி கோப்பையில் தேவைக்கு மேல் சத்தம் போட்டது. குணவதி கவரைத் தொடவில்லை. நெத்திலித் தட்டைத்தான் சற்று நகர்த்திக்கொண்டாள், மீன் வாடை கவரில் ஒட்டிவிடக் கூடாது என்பதைப் போல.

“அந்தச் சொல்லுக்குத் தமிழ்ல என்னம்மா?” என்று ஷாஹிராவைக் கேட்டாள்.

ஷாஹிரா யோசித்தாள். மன்னிப்பு என்றால் முழுக்கச் சரியில்லை. ஆகுமானது என்றால் இவளுக்குப் புரியாது. “கணக்கு நேராயிருச்சு, இனிமே கேக்க மாட்டேன். அப்படி.”

“நேராகலையே.”

ஜாஹிர் இருமினான்.

“நான் கோர்ட்டுக்கு எல்லா நாளும் வந்தேன்” என்றாள் குணவதி. “ஒங்க தம்பி போன்ல பேசினதப் போட்டுக் காட்டினாங்க. மலாய் வேகமா ஓடுச்சு, எனக்குப் பிடிபடல. பக்கத்துல ஒருத்தர் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாரு. அங்க இருக்குறவங்க ரத்தம் ஹலால்னு வந்துச்சு. அவரு கொஞ்சம் நின்னாரு. அப்புறம், ‘கொல்லலாம்’னு சொன்னாரு.” ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். “எனக்கு அந்த ஒரு அர்த்தம்தாம்மா தெரியும். அதையா என் வாயால சொல்லச் சொல்றீங்க?”

“அது வேற அர்த்தம் அக்கா, இது வேற...” என்று ஜாஹிர் ஆரம்பித்தான்.

“சொல்லு ஒண்ணுதானே தம்பி.”

வியாபாரத்தில் பேச்சு நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. அங்கே முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான் என்று அத்தா இருவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தேத்தண்ணி வந்தது. கசக்கும்படி கலந்திருந்தாள் ஷர்மினி. இருவரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

“என் மவன் ஒங்க கடைச் சோத்த அப்படிப் புகழ்வான்” என்றாள் குணவதி, கோப்பைகளை எடுத்துக்கொண்டே. “மிச்சம் வர்ற சில்லறைய அந்த டின்னுல போட்டுட்டு வருவானாம். ஏண்டா, நமக்கே இல்ல, அங்க எதுக்குப் போடுறேன்னு கேட்டேன். பச்சப் புள்ளைங்க படம் ஒட்டிருக்கும்மா, பாத்துட்டு எப்படிச் சும்மா வர்றதுன்னான்.”

ஷாஹிராவுக்கு இது தெரியாது. டின்னில் போட்டவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைவில் தேடினாள். மேசைக்குப் பின்னால் இருந்தவள் அவள்தான். ஒரு நாளைக்கு நானூறு பேர். யார் போட்டது, யார் போடாதது என்று பார்த்ததில்லை.

ஜாஹிர் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தான். படியில் செருப்பு மாட்டும்போது ஷாஹிரா வாய் தவறி, போகிற இடமெல்லாம் சொல்லும் பழக்கத்தில், “தேத்தண்ணிக்கு ஹலால் பண்ணிடுங்க அக்கா” என்று சொல்லிவிட்டாள்.

குணவதி அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

“தேத்தண்ணிக்குத்தானே? அது செல்லும்” என்றாள். “தேத்தண்ணிக்கு மட்டும்.”

திரும்பும்போது காருக்குள் நெத்திலி வாடை அடித்தது. “அம்பது கம்மின்னு நெனச்சிருப்பாங்க” என்றான் ஜாஹிர் பாலத்தில். பிறகு தன் பேச்சைத் தானே கேட்டவன் போல ரேடியோவைப் போட்டான். அதில் யாரோ சிரித்துக்கொண்டே கைப்பேசிக் கட்டணத்துக்குச் சலுகை சொன்னார்கள். அணைத்தான்.

கடை மூடியிருந்தது. மாடியில் அத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கண் திறந்தது. உடம்பில் மிச்சம் இருந்ததெல்லாம் கண்ணுக்கு வந்திருந்தது.

“சொன்னாங்களா?”

“சொல்லிட்டாங்கத்தா” என்றான் ஜாஹிர் உடனே. நல்ல வியாபாரி பொய்யை யோசித்துச் சொல்வதில்லை.

அத்தா அவனைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் தன் கல்லாவில் உட்கார்ந்த மகளைப் பார்த்தார். எத்தனையோ பேர் மூன்று கறி வாங்கிவிட்டு இரண்டு என்று சொல்லும்போது அவர் மகள் முகத்தைத்தான் பார்ப்பார். மகள் கண் தாழ்ந்தால் மூன்று.

“என்ன சொன்னாங்க?”

“செல்லும்னு சொன்னாங்கத்தா” என்றாள் ஷாஹிரா. பொய் இல்லை. அந்தச் சொல் அந்த வாயிலிருந்துதான் வந்தது.

அத்தாவின் விரல்கள் போர்வையில் எதையோ தேடின. அவள் கையைக் கொடுத்தாள். பிடி இன்னும் கெட்டியாக இருந்தது, சட்டி தூக்கிய கை.

“எதுக்கு?” என்றார்.

ஷாஹிரா பஞ்சை ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். உதடு அதை வாங்கவில்லை. தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவர் காத்திருந்தார். அவள் பஞ்சை மறுபடி நனைத்தாள். நோர்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் யாரோ கடை ஏன் மூடியிருக்கிறது என்று விசாரிக்கும் குரல் கேட்டது. பஞ்சை மூன்றாவது முறை நனைத்துக்கொண்டு திரும்பியபோது அத்தா காத்திருப்பதை நிறுத்திவிட்டிருந்தார். கண் மட்டும் அவள் முகத்தில் நின்றது.

ஜாஹிர் ஓடிவந்து காதில் கலிமா சொன்னான். பிறகு வந்தவர்களிடமெல்லாம் அத்தா கலிமாவோடு போனார்கள் என்று சொன்னான். கேட்டவர்கள் அல்ஹம்துலில்லா என்றார்கள். ஷாஹிரா மறுக்கவில்லை. கண்களை மூடிவிட்டவள் அவள்தான். இரண்டு முறை மூட வேண்டியிருந்தது. அடக்கம் காலையில் என்று முடிவானதும் சிறைக்கு ஜாஹிர் போன் போட்டான். தகவல் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். ஷாஹிரா மூலையில் உட்கார்ந்து போகுமுன் தகவல் சொல்லியிருந்த ஷர்மினியின் எண்ணுக்கு இரண்டு வரி அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

காலையில் குளிப்பாட்ட இமான் வந்தான்.

இறந்தவர்களின் மையத்தைக் குளிப்பாட்டும் குழுவில் அவன்தான் முதல் ஆள். கொரோனாவில் அம்மா இறந்தபோது பெற்ற பிள்ளைகளையே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனவன் இமான். முழுக் கவச உடுப்பைப் போட்டுக்கொண்டு கபுருக் குழிக்குள் இறங்கி அம்மாவைக் கிடத்தினான். அன்று மட்டும் அவன் இறக்கியது ஐந்து பேர் என்றார்கள். அதில் ஒருவர் எந்த ஊர் என்றே தெரியாத மியான்மார் ஆள். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அதற்கும் முன்னால், ஃபிக்ரி போன அதே மார்க்க வகுப்புக்கே போனவன்தான் இமான். போலீஸ் கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிட்டது.

அத்தாவை அவன் குளிப்பாட்டியதை ஜாஹிர் பிற்பாடு சொன்னான். தண்ணீர் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்துப் பார்த்து ஊற்றினானாம். நகக் கண்ணில் இருந்த மஞ்சள் கறையை, அது நாற்பது வருஷத்துக் கறை, துணியால் மெல்ல மெல்லத் துடைத்தானாம். கஃபன் துணி உடுத்தி முடித்து அவன் வெளியே வந்தபோது ஷாஹிரா திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஜாஹிர் கவரை நீட்டினான்.

“இதுக்கெல்லாம் காசு வாங்கக் கூடாதுண்ணே.”

இரண்டு நாளில் இரண்டாவது ஆள். ஜாஹிர் கவரை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

இமான் குரலைத் தாழ்த்தினான். “அத்தா அந்த டின் விஷயத்த நெனச்சு வருத்தப்பட்டுட்டே இருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். வருத்தப்பட ஒண்ணும் இல்லண்ணே. நல்ல நிய்யத்துல குடுத்த காசு, நல்ல வழியிலதான் போச்சு. ஃபிக்ரிக்கு அல்லா எழுதுற கூலியில அத்தாவுக்கும் பங்கு உண்டு. குறையாது.”

சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. திரையின் இடுக்கில் ஷாஹிராவுக்கு அவன் கைகள்தான் தெரிந்தன. சட்டையை முழங்கை வரை மடித்திருந்தான். ஈரம் காயவில்லை. கற்பூர வாடை. அம்மாவை மண்ணில் இறக்கிய கை. அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. ஜாஹிர், எதற்கும் பதில் வைத்திருப்பவன், “சரி தம்பி” என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி கடை வழியாகத்தான் இறங்கியது. வேறு வழி இல்லை. நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்த மேசைகளுக்கு நடுவே அத்தா கடைசியாகத் தன் கடையைக் கடந்து போனார். ஆண்கள் பின்னால் போனார்கள். எதிர்க்கடைச் சீனர் தன் கடையின் பாதிக் கதவை இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பெண்கள் அஞ்சடி நடைபாதையோடு நின்றுகொண்டார்கள்.

பள்ளி அடுத்த தெருவில்தான். தொழுகைக்கு முன்னால் ஜாஹிர் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான்.

“எங்க அத்தா யாருக்காச்சும் எதாச்சும் குடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க, நான் குடுத்துடுறேன். யாராச்சும் எங்க அத்தாவுக்குக் குடுக்க வேண்டியிருந்தா, அத நாங்க ஹலால் பண்ணிட்டோம். எங்க அத்தாவ நீங்களும்...”

அந்த இடத்தில் குரல் நின்றது. எல்லாரும் அழுகை என்று நினைத்திருப்பார்கள். பிறகு வேறு குரல் ஒன்று தொழுகைக்கு வரிசை நேராக்கச் சொன்னது.

ஷாஹிரா அப்போதுதான் கவனித்தாள். எதிர்ப் பக்கம், தூணோரமாக, அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. ஷர்மினி அதன் மேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். குணவதி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். கேண்டீன் சேலை இல்லை, மடித்த மடிப்புத் தெரிகிற புதுச் சேலை.

நோர்மாவின் கை ஷாஹிராவின் தோளை இறுக்கியது. “சொல்ல வந்துட்டாங்க பாரு” என்று காதில் சொன்னாள். “அல்லா பெரியவன்.”

ஷாஹிராவும் அதைத்தான் நினைத்தாள். மையத்து இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. அதற்குள் சொல்லிவிட்டால் போய்ச் சேரும் என்று எந்தக் கிதாபிலாவது இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்து அடி. எட்டு அடி. அவள் தானே முன்னால் நடந்துபோய்க் குணவதியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நெத்திலி வாடை இன்னும் போகவில்லை.

“கேட்டேன்” என்றாள் குணவதி, பள்ளிப் பக்கம் தலையசைத்து. “கடன் இருந்தா சொல்லுங்கன்னாரு ஒங்கண்ணன்.”

“சொல்லுங்கக்கா.”

குணவதி கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஐம்பது வெள்ளி. நான்காக மடித்தது.

“கடைசி வாரம் அவன் கையில காசு இல்ல. சம்பளத்துக்கு ஏழு நாள் இருந்துச்சு. கமால் காக்கா கடையில கடன் சொல்லி சாப்பிடுறேம்மா, சம்பளம் வந்ததும் குடுத்துடுவேன்னு போன்ல சொன்னான். ஏழு நாள். அப்ப சோறு, கோழி, தண்ணி எல்லாம் சேத்து ஏழு வெள்ளி.”

ஷாஹிரா கையைப் பின்னுக்கு இழுத்தாள். “அக்கா, அதெல்லாம் அத்தா எப்பவோ...”

“அந்தச் சொல்லச் சொல்லாதேம்மா. அவரு உசுரோட இருக்கும்போது கொண்டாந்திருந்தா அதச் சொல்லி வாங்க மாட்டேன்னுருவாரு. அதுக்குத்தான் இத்தன நாள் வெச்சிருந்தேன்.” நோட்டை நீட்டியபடியே நின்றாள். “என் மவன் யாருக்கும் எதுவும் குடுக்கணும்னு இருக்கக் கூடாது. வாங்கிக்க.”

ஷாஹிரா வாங்கிக்கொண்டாள். குணவதி போகவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

“மிச்சம்?”

முதலில் ஷாஹிராவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளிடம் பர்ஸ் இல்லை. நோர்மாவைப் பார்த்தாள். நோர்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஷாஹிரா கடைக்குள் போனாள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போய்க் கல்லாவைத் திறந்தாள். முந்தாநாள் சில்லறை அப்படியே கிடந்தது. ஒரு வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

குணவதி அதை வெளிச்சத்தில் பார்த்தாள். மடித்துப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பள்ளியிலிருந்து நான்காவது, கடைசித் தக்பீர் கேட்டது. அது முடிந்து சலாம் கொடுக்கும் வரை இருந்தாள். மரியாதைக்குத்தான் என்று தோன்றியது. பிறகு தெருவைக் கடந்து போய் மகளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஷர்மினி ஒரு உதையில் வண்டியைக் கிளப்பினாள். நன்றாகப் பராமரித்த வண்டி, முதல் உதையிலேயே கிளம்பியது.

“என்ன சொன்னாங்க?” என்று ஓடிவந்தாள் நோர்மா. “சொல்லிட்டாங்களா?”

ஷாஹிரா கடைக்குள் போய்விட்டாள். கல்லா திறந்தே இருந்தது. ஐம்பதை அதில் போட மனம் வரவில்லை. மேசை மேல் வைத்தாள். வைத்த இடம் துரு வட்டத்தின் நடுவே அமைந்துவிட்டது. மடிப்பை நீவினாள், அது மறுபடி மடிந்துகொண்டது. ஏழு நாள், நாளுக்கு ஏழு, நாற்பத்தொன்பது. மிச்சம் ஒன்று கொடுத்தாயிற்று. அந்தப் பக்கம் பாக்கி இல்லை.